நாணயக் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறீர்களா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய காசு இல்லாத வீடு குறைவு. பூஜைத் தட்டில் ராணித் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கும். பாட்டியின் சுருக்குப்பையில் இருந்து வந்த ஓட்டைக் காலணா இருக்கும். ஐந்து பைசா, பத்து பைசா அலுமினியக் காசுகள் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். அவற்றைக் கொட்டி, வருஷ வாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டால் நீங்களும் சேகரிப்பாளர்தான். ஆனால் அதற்குமேல் வீட்டில் உட்கார்ந்தபடி கற்றுக்கொள்வது கஷ்டம். வீடியோவைப் பார்த்தால் "இந்தக் காசு உங்ககிட்ட இருந்தா பத்து லட்சம்" என்கிறார்கள். கடைவீதியில் கேட்டால் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாணயக் கண்காட்சியைவிட நல்ல இடம் இல்லை.

கண்காட்சி என்றால் என்ன? கல்யாண மண்டபம் போன்ற ஒரு பெரிய ஹாலை இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுப்பார்கள். வார இறுதியை ஒட்டித்தான் பெரும்பாலும் நடக்கும். வரிசையாக மேஜை போட்டு, பல ஊர் டீலர்கள் சரக்கை விரித்திருப்பார்கள். இன்னொரு பக்கம் சட்டகங்களில் சேகரிப்பாளர்கள் தங்கள் தொகுப்பைப் பார்வைக்கு வைத்திருப்பார்கள். அது விற்பனைக்கு இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ள. நாணயத்தோடு ரூபாய் நோட்டு, தபால்தலை, பழைய அஞ்சலட்டை, முத்திரைத்தாள், தீப்பெட்டி லேபிள் எல்லாம் வரும். சில கண்காட்சிகளில் அஞ்சல் துறை ஸ்டால் போட்டு, அந்த நிகழ்ச்சிக்கென்றே ஒரு சிறப்பு உறை வெளியிடும். அன்றைய தேதியோடு தனி முத்திரையும் குத்தித் தருவார்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் பள்ளி, கல்லூரி, அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் நடக்கிற சிறிய காட்சிகளைத்தான் எதிர்பார்க்கலாம். டீலர்கள் திரண்டு வருகிற பெரிய கண்காட்சி வேண்டுமென்றால் சேலம், கோவை, சென்னை, பெங்களூரு என்று கிளம்ப வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை என்பதால் பஸ்தான் கதி. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அங்கே ஏராளம். பெங்களூரு ஹாலில் டீலரிடம் அவர் மொழியிலேயே நாலு வார்த்தை பேசினால், மேஜைக்கு அடியில் இருக்கிற இன்னொரு ஆல்பமும் வெளியே வரும்.

எல்லாம் கண்டிஷன்தான்

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டு போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். காசின் விலையை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜராஜன் செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கிற உருவமும் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் போட்டது, இன்றும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. ஏனென்றால் அவ்வளவு அடித்திருக்கிறார்கள். நம் தாத்தா காலத்துக் காசு சில, அதைவிடப் பல மடங்கு விலை போகும். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்துதான் விலை. முதல் இரண்டையும் கேட்லாக் பார்த்தே ஓரளவு அறியலாம். மூன்றாவதை, அதாவது கண்டிஷனை, கையில் பிடித்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். கண்காட்சிக்குப் போவதே அதற்காகத்தான் என்பேன்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரே தோப்பு, ஒரே மரத்துப் பெங்களூராக் காய். அடிபடாத காய்க்கு ஒரு விலை, கறை படிந்ததற்கு ஒரு விலை, கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய்க்கு ஒரு விலை. மண்டிக்காரர் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார். காசிலும் அந்தக் கண்தான் வேண்டும்.

டீலர்கள் பேசுகிற தரங்கள் கொஞ்சம்தான். புழக்கத்துக்கே போகாதது யூஎன்சி. லேசாகக் கை பட்டது எக்ஸ்எஃப். அதற்குக் கீழே விஎஃப், அப்புறம் ஃபைன், அப்புறம் சும்மா அடையாளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது. இவற்றைப் பிரிப்பது எப்படி? காசில் எது மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் காது, காதுக்கு மேலே உள்ள முடி, கிரீடத்தின் மணிகள், தோளில் போட்டிருக்கிற அங்கியின் வேலைப்பாடு, இந்த இடங்களைப் பாருங்கள்.

"அண்ணா, இது என்ன கண்டிஷன்?"

"விஎஃப்தான் தம்பி. காதுக்கு மேல பாரு, முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இப்ப இதைப் பாரு, ஒவ்வொரு முடியும் தனியா தெரியுதா? இது எக்ஸ்எஃப்."

இப்படி இரண்டு காசைப் பக்கத்தில் வைத்து ஒரு டீலர் காட்டிவிட்டால், பத்துக் கட்டுரை படித்தாலும் வராதது வந்துவிடும். யூஎன்சி காசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். ஒளிக்கோடு ஒன்று காசின் முகத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். அச்சில் அடிபடும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய தடங்களில் ஒளி பட்டு வருவது அது. ஒரு தடவை தேய்த்துவிட்டால் அந்த ஓட்டம் போய்விடும், திரும்ப வராது. பாலிஷ் போட்ட காசும் பளபளக்கும். ஆனால் அந்த ஒளி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்.

அங்கியைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ராஜா மார்பில் ஒரு பதக்கச் சங்கிலி. அதில் ஒரு குட்டி யானை. 1911-இல் வந்த முதல் ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை சிறுத்துப் போய், பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. ராஜா மேலே பன்றியா என்று முஸ்லிம்கள் நடுவே முணுமுணுப்பு கிளம்பியது. மீதிக் காசை வெளியே விடாமல் நிறுத்தி, 1912 முதல் தும்பிக்கையை நீட்டித் திருத்திய அச்சில் அடித்தார்கள். பூதக்கண்ணாடியும் ஒரு 1911, ஒரு 1912 ரூபாயும் இருந்தால் இந்த வித்தியாசத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கண்காட்சியில் இரண்டும் ஒரே மேஜையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்துபோன 1911-இல் யானையும் தெரியாது, பன்றியும் தெரியாது. கண்டிஷன் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

காசு சேர்ப்பவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளுக்கென்றே 1980 முதல் வருடா வருடம் தேசிய அளவில் பெரிய கண்காட்சி நடக்கிறது. அங்கேயும் மேஜை, டீலர், பேரம் எல்லாம் இதே மாதிரிதான். கார்டின் மூலை மடங்கியிருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தர நிறுவனங்கள் இருக்கின்றன. 1952-இல் டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒன்று 9.5 மதிப்பெண்ணோடு 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு மூலை நைந்து, மடிந்து இருந்தால் அதில் ஒரு சிறு பங்குகூடத் தேறாது. நாணயத்துக்கும் நோட்டுக்கும் இதே மாதிரி சீல் வைத்த பெட்டிகளை நம் ஊர்க் கண்காட்சிகளிலும் இப்போது பார்க்கலாம். ஆரம்பத்தில் அவற்றை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நின்று பாருங்கள். உள்ளே இருக்கிற காசையும் மேலே எழுதியிருக்கிற தரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இலவசப் பயிற்சி.

இந்தக் கண்டிஷன் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கிற பெரிய அநியாயம் ஒன்று உண்டு. புளி போட்டுத் தேய்ப்பது. வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்து வெள்ளி ரூபாயையும் விபூதி, புளி, பல்பொடி என்று எதையாவது போட்டுத் தேய்த்துவிடுகிறோம். பூஜைக் காசு பளிச்சென்று இருக்கட்டும், அது வேறு. சேகரிப்புக் காசில் கை வைக்காதீர்கள். வருஷக் கணக்கில் உலோகத்தின் மேல் தானாக ஏறிய நிறம் அதன் பாதுகாப்பு, அதன் நற்சான்றிதழ். தேய்த்தால் அந்த நிறமும் போகும், மெல்லிய கீறல்களும் விழும். பூதக்கண்ணாடியில் அது உடனே தெரிந்துவிடும், டீலர் பாதி விலைக்கும் கேட்க யோசிப்பார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், போதும். காசு மாலையில் கோத்த ரூபாய்களும் நம் பக்கம் நிறைய வரும். கொக்கி பற்றவைத்த தடத்தை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். விளிம்பை முழுக்க ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளி ரூபாய்க்கு ஒரு கணக்கு

முதல் கண்காட்சியிலேயே வெள்ளி ரூபாய் வாங்கத்தான் நிறையப் பேருக்கு ஆசை. அதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஆக ஒரு காசில் சுத்த வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதுதான் அடிவிலை. அதற்குமேல் டீலர் எவ்வளவு கேட்கிறாரோ, அது வருஷத்துக்கும் கண்டிஷனுக்கும். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.8 கிராம் சொச்சம். யுத்த காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தில் ஒட்டும்.

அதனால் பையில் ஒரு சின்னக் காந்தமும், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பாக்கெட் தராசும் இருந்தால் நல்லது. வெள்ளி என்று சொல்கிற காசு காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று முடிவு கட்டவும் முடியாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. எடை, விளிம்பு, எழுத்தின் கூர்மை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அச்சில் வார்த்த போலியாக இருந்தால் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்துகள் உருகின மாதிரி மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி இரண்டு பாதியை ஒட்டிய கோடு சில சமயம் தெரியும். தராசை டீலர் எதிரில் எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டீலர் தன் தராசையே நீட்டுவார். முகம் சுளிக்கிறவர் மேஜையில் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ராமர் காசும் அரிசி இழுக்கும் காசும்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்தில் இதனால் பணத்தைத் தொலைத்தவர்கள் அதிகம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818 என்றோ 1616 என்றோ வருஷம். கம்பெனி இப்படி ஒரு காசை எந்தக் காலத்திலும் அடித்ததில்லை. கோயில் வாசலில் விற்பதற்காகப் பின்னாளில் செய்த வில்லைகள் இவை. பக்தியோடு வைத்துக்கொள்ளலாம், நாணயமாக விலை கிடையாது. இதே வில்லைகளைக் காட்டித்தான் "அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் கோடி தருவான்" என்று கும்பல்கள் அலைகின்றன. தமிழ்நாட்டுப் போலீஸ் இப்படிப்பட்டவர்களைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. முன்பணம் கேட்கிறார்கள் என்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் தருவதாகச் சொல்வதும் கதைதான். கண்காட்சியில் அதை முகமதிப்புக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிவிடலாம். பழைய காசை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொள்கிறது, கமிஷன் கட்டுங்கள் என்று ஃபோன் வந்தால் அதுவும் மோசடி. தாங்கள் அப்படி எந்த வியாபாரமும் செய்வதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது.

எதைச் சேர்ப்பது?

ஹாலில் நுழைந்ததும் எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். ஒரு தலைப்பை முடிவு செய்துகொண்டு போனால் பணமும் மிஞ்சும், தொகுப்புக்கும் ஓர் உருவம் வரும்.

செலவே இல்லாத தலைப்பு பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு ரூபாய் காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். சின்னப் புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். டைமன்ட் வடிவம் என்றால் மும்பை. ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒவ்வொரு வருஷத்துக்கும் நான்கு நாணயச்சாலைக் காசையும் சேர்க்க முயன்று பாருங்கள். சில்லறைக்கே வந்துபோகிற காசில் எது அடிக்கடி தட்டுப்படுகிறது, எது தட்டுப்படவே இல்லை என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதோடு நினைவுக் காசுகளையும் சேர்க்கலாம். 1982 ஆசிய விளையாட்டுக் காசு, 2010 காமன்வெல்த் விளையாட்டுக் காசு, எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு 1995-இல் வந்த திருவள்ளுவர் காசு, தமிழில் கையெழுத்தோடு வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய்.

எனக்குப் பிடித்த தலைப்பு வேறு. நம் மண்ணில் கைமாறிய காசுகள். பாராமகால் என்று இந்தப் பகுதிக்குப் பெயர் இருந்த காலத்தில், கிருஷ்ணகிரிக் கோட்டை மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தப் பகுதியைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ தர்மபுரியில் இருந்து நிலவரி வேலை பார்த்தார். ஆக அதற்கு முன்னால் நம் சந்தைகளில் புரண்டது மைசூர்ச் செப்புக்காசு, அப்புறம் மெல்ல மெல்லக் கம்பெனிக் காசு.

திப்புவின் செப்புக்காசைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது அதன் கனம். ஒரு பக்கம் யானை, சிலதில் இடப்பக்கம் பார்த்து, சிலதில் வலப்பக்கம் பார்த்து. மறுபக்கம் பாரசீக எழுத்தில் காசு அடித்த ஊரின் பெயர். பைசாவுக்கு ஜோஹ்ரா, அரைப் பைசாவுக்கு பஹ்ராம் என்று கிரகங்களின் பெயரையே வைத்திருந்தார், ஒன்று சுக்கிரன், மற்றது செவ்வாய். பிற்காலக் காசுகளில் மவ்லூதி என்ற தன்னுடைய ஆண்டுக்கணக்கைப் போட்டு, எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அதனால் 1215 என்பதை 5121 என்று படித்துக் குழம்ப வேண்டாம். யானையின் கால் நகம், வால் மயிர் வரை தெரிகிற காசும் உண்டு, யானை ஒரு நிழலாக மட்டும் நிற்கிற காசும் உண்டு. இரண்டாவது ரகம் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். முதல் காசாக அதை வாங்குவதில் தப்பே இல்லை.

அடுத்தது கம்பெனியின் இருபது காசு, பத்துக் காசு என்ற செப்பு நாணயங்கள். 1808 என்று வருஷம் போட்டு, இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து மெட்ராஸுக்குக் கப்பல் ஏற்றியவை. அப்படி டன் கணக்கில் காசு ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கடலோரத்திலேயே மணல்திட்டில் மோதி முழுகிப்போனது. 1980-களில் முக்குளித்து எடுத்தார்கள். எனவே இன்று இரண்டு விதமான 1808 இருபது காசு கிடைக்கும். ஒன்று நம் நாட்டில் கைமாறித் தேய்ந்தது. மற்றது மெட்ராஸைக் கண்ணால் பார்க்காமல் கடலுக்கடியில் கிடந்து, தேயாமல் உப்பரித்தது. மேஜையில் கேட்டுப் பாருங்கள். எனக்கு வேண்டியது எப்போதும் தேய்ந்ததுதான். எக்ஸ்எஃப் தேடுகிறவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், சரி, தொகுப்பு அவரவர் விருப்பம்.

நோட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மடிப்பு இருக்கிறதா என்று நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இஸ்திரி போட்டு மடிப்பை மறைத்திருந்தால் தாள் தளர்ந்து, மொடமொடப்பு இல்லாமல் இருக்கும். ஆனால் புத்தம்புது பழைய நோட்டில் இடது ஓரத்தில் இரண்டு ஊசித்துளை இருந்தால் பயப்படாதீர்கள். வங்கிகள் நோட்டுக் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்த காலம் அது. ரிசர்வ் வங்கி 2001-இல் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் போட்ட நோட்டு, அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வந்தது. 2006-இல் பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தார்கள். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும். கையெழுத்து வாரியாகச் சேர்ப்பது ஒரு தனிச் சுகம்.

ஹாலுக்குள்

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். முழு ஹாலையும் ஒரு தடவை சுற்றி, உங்களுக்கு வேண்டிய காசு எந்தெந்த மேஜையில் என்ன விலைக்கு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காசு இரண்டு மேஜையில் இரண்டு விலைக்கு இருக்கும். விலை கூடின மேஜையில் கண்டிஷன் நன்றாக இருக்கிறதா, இல்லை சும்மா கூடவா என்று பார்ப்பதே உங்கள் முதல் பரீட்சை. முதல் நாள் போனால் நல்ல சரக்கு மிஞ்சியிருக்கும். கடைசி நாள் மாலை போனால் விலை இறங்கும்.

காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வை யூஎன்சி காசில் பட்டால் ரேகை அப்படியே பழுப்பாகப் படிந்துவிடும். தட்டுக்கு மேலேயே, தாழ்வாக வைத்துப் பாருங்கள். கை தவறினாலும் தரையில் விழாது. ஆல்பத்தில் இருந்து நீங்களாக உருவாதீர்கள், எடுத்துத் தரச் சொல்லுங்கள். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். பேரம் பேசலாம், பேச வேண்டும். "கடைசி விலை சொல்லுங்கண்ணா" என்று கேட்டு அவர் இறங்கி வந்துவிட்டால் வாங்கிவிட வேண்டும். இறக்கிவிட்டுப் போய்விடுகிறவர் முகம் டீலருக்கு மறக்காது. யூபிஐ பெரும்பாலும் செல்லும், ஆனால் கூட்டத்தில் நெட்வொர்க் படுத்திவிடும், கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடின காசு எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் காசின் பெயர், வருஷம், உலோகம் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு போனால் நேராகக் கூடைப் பக்கம் கூட்டிப் போங்கள். பல நாட்டுக் காசுகளைக் கலந்து கொட்டி, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று வைத்திருப்பார்கள். பெரிய மதிப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு பையன் கூடைக்குள் கையை விட்டு, மலேசியக் காசையும் இலங்கைக் காசையும் பிரித்து, இலங்கைக் காசில் தமிழ் எழுத்து இருப்பதைத் தானே கண்டுபிடித்து "அப்பா, இதுல ரூபாய்னு தமிழ்ல போட்டிருக்குப்பா" என்று கத்துகிற நேரத்துக்கு விலை உண்டா?

சட்டம் சொல்வது

உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசுக்குவியல் கிடைத்தால் அது கண்டெடுத்தவருக்கே சொந்தமில்லை. 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். தகடூர் அதியமான் ஆண்ட மண், நடுகற்கள் நிறைந்த மண் இது. ஒரு குவியல் மொத்தமாக, கிடைத்த இடத்தின் விவரத்தோடு அருங்காட்சியகத்துக்குப் போனால்தான் அதில் இருந்து வரலாறு கிடைக்கும். இரவோடு இரவாகப் பிரித்து விற்றால் நமக்குத்தான் நஷ்டம். அதனால் "நேத்துதான் வயல்ல கிடைச்சது" என்று வாசலில் நின்று விற்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். ஒன்று போலி, இல்லாவிட்டால் வில்லங்கம்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசுகள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குப் பரிசாகக்கூட. செல்லாமல் போன பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை 2017 சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியல் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு.

வீட்டுக்கு வந்தபின்

வாங்கிய காசை அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். எந்தக் கண்காட்சி, யாரிடம், என்ன விலை, எடை எவ்வளவு, நீங்கள் கணித்த தரம் என்ன. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற பிவிசி உறை வேண்டாம். நாளாக நாளாக அதில் இருந்து கசிகிற பொருள் செம்பில் பச்சையாகப் பிசுபிசுத்து ஒட்டும். பிவிசி இல்லாத ஹோல்டர் கண்காட்சியிலேயே விற்பார்கள், காசோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். நோட்டை லேமினேட் செய்யவே கூடாது. டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் வந்தால் மாற்றுங்கள்.

அடுத்த கண்காட்சி எப்போது, எங்கே என்று தெரிந்துகொள்ளத் தனியாக அலைய வேண்டாம். இரண்டு மூன்று டீலர்களிடம் அவர்களுடைய கார்டை வாங்கிக்கொண்டு, "தர்மபுரியில இருந்து வர்றேன், வாட்ஸ்அப் குரூப்ல சேத்துடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். தேதி முடிவானதும் முதலில் அங்கேதான் போடுவார்கள்.